நின்று நின்று ஓடும் வண்டிக்கு எது ஏற்றது?

சென்னை மாநகர் போக்குவரத்துக் கழகம் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகளை இயக்கத் தொடங்கியது. ஆகஸ்டில் பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து மேலும் 135 வண்டிகள் வந்தன. உலக வங்கியின் உதவியோடு மொத்தம் 625 வண்டிகள் என்பது திட்டம். டீசல் வண்டியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விலையுள்ள வண்டிகள் இந்த நகரத்துக்குத் தேவையா என்ற கேள்வி நியாயமானதுதான். வண்டி எந்தத் தடத்தில் ஓடுகிறது என்று பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. நகரத்துக்குள் ஓடும் பேருந்துக்கு மின்சாரமே பொருத்தம். புவி வெப்பமாதலை முன்வைத்துத்தான் பலரும் இதை ஆதரிக்கிறார்கள். அதைவிட வலுவான காரணம், நகரப் பேருந்து நின்று நின்று ஓடுகிறது என்பது.

பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி வண்டியை எடுத்துக்கொள்வோம். சில நூறு மீட்டருக்கு ஒரு நிறுத்தம், நடுவே சிக்னல்கள். வண்டி நிற்கும்போதும் டீசல் எஞ்சின் சும்மா ஓடி எண்ணெயைக் குடிக்கிறது. பிரேக் போட்டால், அதுவரை எண்ணெய் எரித்துச் சேர்த்த வேகமெல்லாம் பிரேக் டிரம்மில் சூடாகி வீணாகிறது. பிறகு மறுபடி முதல் கியரிலிருந்து இழுக்க வேண்டும். மின்சார வண்டி நின்றால் மோட்டாரும் நின்றுவிடுகிறது. வேகம் குறையும்போது அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வேகத்தின் ஒரு பகுதியை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. ஒரு லிட்டர் டீசலில் உள்ள ஆற்றல் சுமார் 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். நகர நெரிசலில் லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் கிடைத்தால், கிலோமீட்டருக்கு இரண்டே கால் யூனிட் செலவாகிறது என்று பொருள். மின்சாரப் பேருந்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் போதும். ஏசி இருந்தால் ஒன்றேகால்.

பணக்கணக்கு இன்னும் தெளிவானது. டீசல் லிட்டர் 92 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல் ஆகிறது. மின்சாரம் யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 8 முதல் 10 ரூபாய். நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் எரிபொருளில் மட்டும் 2,000 ரூபாய்க்குக் குறையாமல் மிஞ்சும். ஆண்டுக்கு 330 நாள், 12 ஆண்டு என்று பெருக்கினால் 80 லட்சத்தை நெருங்குகிறது. விலையில் உள்ள வித்தியாசமும் ஏறக்குறைய அவ்வளவுதான். வட்டியைச் சேர்த்தால் இந்த ஆதாயம் சுருங்கும். எஞ்சின் ஆயில், கிளட்ச், கியர்பாக்ஸ் பராமரிப்பு இல்லாததைச் சேர்த்தால் மறுபடி கூடும். ஆனால் இதே வண்டி நாளுக்கு 100 கிலோமீட்டர் மட்டும் ஓடினால் போட்ட முதல் திரும்பாது. ஆகவே மின்சாரப் பேருந்தைக் கூட்டமும் நிறுத்தமும் மிகுந்த தடங்களில், காலை முதல் இரவுவரை ஓட்ட வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரே சீராக 700 கிலோமீட்டர் போகும் நாகர்கோவில் வண்டிக்கு இப்போதைக்கு டீசலே இருக்கட்டும். அங்கே பிரேக்கில் வீணாகும் ஆற்றலும் குறைவு, வழியில் சார்ஜ் போட நிற்கும் நேரமும் நட்டம்.

ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தாலும் வித்தியாசம் பெரிது. பழைய டீசல் வண்டிகளில் எஞ்சின் ஓட்டுநரின் இடது காலை ஒட்டியே இருக்கிறது. மே மாத வெயிலில் அந்த மூடியின் அனல், காதருகே இரைச்சல், நாள் முழுக்கக் கிளட்ச் மிதிப்பு எல்லாம் ஒரே உடம்பின் மேல் விழுகின்றன. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே உறுதிப்படுத்தி, முதல் வகைப் பட்டியலில் சேர்த்தது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 வண்டிகளில் புகை வெகுவாகக் குறைந்துவிட்டதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்தச் சுத்தம் கரித்துகள் வடிகட்டியும் யூரியா கரைசலும் ஒழுங்காக இருக்கும்வரைதான். பத்து ஆண்டு ஓடிய வண்டியிலும் அவை அப்படியே இருக்கும் என்று நம்ப நம் பணிமனைகளின் அனுபவம் இடம் தரவில்லை. சிக்னலில் பேருந்துக்குப் பின்னால் நிற்கும் இருசக்கர வாகனத்தில், முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தை சுவாசிப்பது அந்தப் புகையைத்தான்.

மின்சாரமும் நிலக்கரியிலிருந்துதானே வருகிறது என்பது அடிக்கடி எழும் மறுப்பு. இதை மழுப்பாமல் ஏற்க வேண்டும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. கிலோமீட்டருக்கு 600 கிராம். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 700 கிராமுக்கு மேல். கச்சா எண்ணெயைத் தோண்டிச் சுத்திகரித்துக் கொண்டுவரும் கணக்கையும் சேர்த்தால் இன்று இரண்டும் ஏறக்குறைய சமம்தான். வித்தியாசம் வரும் ஆண்டுகளில் இருக்கிறது. டீசல் எஞ்சின் கடைசிவரை டீசலைத்தான் எரிக்கும். தமிழ்நாட்டிலோ காற்றாலையும் சூரிய மின்சக்தியும் தலா 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டன. காலை நெரிசல் முடிந்து மாலை நெரிசல் தொடங்குவதற்கு இடையில் பல வண்டிகள் பணிமனைக்குத் திரும்பும் நேரமும், சூரிய மின்சாரம் மிகுதியாகக் கிடைக்கும் நேரமும் ஒன்றே. அந்த நடுப்பகலில் சார்ஜ் போட்டால் நிலக்கரியின் பங்கு இன்றைக்கே குறையும்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது ஒப்பந்த முறை. இந்த வண்டிகள் தனியாருக்குச் சொந்தம். ஓட்டுநரும் அவர்களுடைய ஆள், நடத்துநர் மட்டும் கழகத்தைச் சேர்ந்தவர். ஓடும் கிலோமீட்டருக்குச் சுமார் 77 முதல் 81 ரூபாய்வரை கழகம் கொடுக்கிறது. பேட்டரி பழுதானால் சுமை ஒப்பந்ததாரருக்கு என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் இதே வகை ஒப்பந்தத்தில் மும்பையில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்டில் ஒப்பந்த ஓட்டுநர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்க, அந்நகரின் பொதுப் போக்குவரத்து நிறுவனமான பெஸ்ட்டின் பேருந்துகள் நூற்றுக்கணக்கில் நின்றுபோயின. தொழிற்சங்கங்கள் இதைச் சுட்டிக்காட்டி எதிர்ப்பதில் நியாயம் இருக்கிறது. அது ஒப்பந்தத்தின் கோளாறு, மோட்டாரின் கோளாறு இல்லை. ஓட்டுநரின் ஊதியமும் வேலைநேரமும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். ஒரு பகுதி மின்சார வண்டிகளையாவது கழகமே சொந்தமாக வைத்துத் தன் தொழில்நுட்பப் பணியாளர்களைப் பழக்க வேண்டும்.

சென்னையில் நிறுத்தங்களில் காத்துக் கிடக்கும் மக்களுக்கு வேண்டியது கூடுதல் பேருந்துகள். 625 மின்சார வண்டிகள் வந்து, அதே எண்ணிக்கையில் டீசல் வண்டிகள் கழிக்கப்பட்டால் காத்திருக்கும் நேரம் குறையாது. எனவே ஓடும் நிலையில் உள்ள டீசல் வண்டிகளைக் கூட்டம் குறைந்த தடங்களுக்கு மாற்றித் தொடர்ந்து இயக்க வேண்டும். ஒவ்வொரு தடத்திலும் கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் செலவானது, எத்தனை நடைகள் ரத்தாயின என்ற கணக்கைக் கழகம் மாதந்தோறும் வெளியிட வேண்டும்.