மின்வழங்கிக்கும் ஒரு கீழெல்லை உண்டு



பழைய கணினியொன்றிலிருந்து மின்வழங்கியைக் கழற்றியெடுக்கிறார் ஓர் இளைஞர். வேறெதனையும் இணைக்காது அதனை இயக்கிப் பார்க்கிறார். விசிறி ஒருகணம் சுழன்று நின்றுவிடுகிறது. பழுதென்று கருதி அதனை வீசிவிடுகிறார். உண்மையில் அக்கருவியில் யாதொரு குறையும் இல்லாதிருக்கலாம்.

மின்வழங்கி தரக்கூடிய மின்னோட்டத்துக்கு மேலெல்லை உண்டென்பதை யாவரும் அறிவர். சிலவற்றுக்குக் கீழெல்லையும் உண்டு. அதுவே குறைந்தபட்சச் சுமை மின்னோட்டம். பாரமேற்றாத வண்டி மேடுபள்ளத்திற் குலுங்குவதுபோல, சுமையற்ற மின்வழங்கியும் நிலைகுலையும்.

காரணம் யாது? இவ்வகைக் கருவி, மின்னை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை இணைத்தும் துண்டித்தும் சிறு துடிப்புகளாக அனுப்புகிறது. வெளிவரும் அழுத்தத்தை அளந்து, துடிப்பின் நீளத்தைக் கூட்டியோ குறைத்தோ சீர்செய்கிறது. மின்னைப் பெறுவது எதுவும் இல்லாவிடின், மிகக் குறுகிய துடிப்புங்கூட மிகையாகலாம்; அழுத்தம் உயர்ந்துவிடும்.

பழைய கணினி மின்வழங்கிகள் பலவற்றில் 5 வோல்ற்று, 12 வோல்ற்று ஆகிய இரு வெளியீடுகளுக்கும் கட்டுப்பாடு ஒன்றே. அது பெரும்பாலும் 5 வோல்ற்றையே கவனிக்கும். அங்கே சுமை இல்லையெனில் துடிப்புகள் குறுகும். 12 வோல்ற்றில் இணைத்த கருவிக்கு அழுத்தம் போதாது. மாறாக, 5 வோல்ற்றில் பெருஞ்சுமையும் மற்றதில் சுமையின்மையும் இருப்பின், 12 வோல்ற்று அளவுமீறி உயர்ந்து, அதிலே பின்னர் இணைக்கும் உபகரணத்துக்குக் கேடு விளைக்கலாம்.

பரிகாரம் எளிது. கீழெல்லை அரை அம்பியர் எனக் குறிக்கப்பட்டிருப்பின், 5 வோல்ற்று வெளியீட்டுக்குக் குறுக்கே 10 ஓம் தடையொன்றை இணைத்தால் அவ்வளவு மின்னோட்டம் பாயும். அங்கே 2.5 வாற்று வெப்பம் பிறக்குமாதலால், 5 வாற்றுக்குக் குறையாத தடையைத் தெரிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தல் வேண்டும். மின்வழங்கியின் கூட்டை மாத்திரம் திறவாதீர்கள். 230 வோல்ற்று மின்னில் இயங்குங் கருவியின் உள்ளே, மின்னைத் துண்டித்த பின்னரும் 300 வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் சிறிதுநேரம் தேங்கி நிற்கலாம்.

இது பழங்கருவிகளுக்கு மாத்திரம் உரிய சங்கதியன்று. 2013 இல் இன்ரெல் நிறுவனத்தின் ஹாஸ்வெல் கணினிகள் வந்தபோது, அவற்றின் ஆழ்ந்த உறக்கநிலையில் 12 வோல்ற்றுக் கிளையொன்று பெற்ற மின்னோட்டம் 0.05 அம்பியர் வரை தாழ்ந்தது. முந்திய மின்வழங்கிகள் சில எதிர்பார்த்ததோ 0.5 அம்பியர். தம் கருவிகள் அதற்கு ஈடுகொடுக்குமா என்று உற்பத்தியாளர்கள் அப்பொழுது ஆராய நேர்ந்தது.

ஆகவே நேயர்களே, மின்வழங்கியைப் பழுதென்று தள்ளுமுன் அதன்மேல் ஒட்டியுள்ள சீட்டை ஒருமுறை வாசியுங்கள். மேலெல்லையோடு கீழெல்லையையும் தேடிப் பாருங்கள்.