துறைமுகத்தில் முடங்கிய எட்டுக் கோடி உருப்படிகள்

இன்ன நாட்டிலிருந்து இத்தனை உருப்படிதான் வரலாம் என்று பணக்கார நாடுகள் வகுத்திருந்த கோட்டா முறை, 2005 ஜனவரி 1 அன்று முடிவுக்கு வந்தது. 1974-இல் பல்லிழை ஒப்பந்தமாகத் தொடங்கிய அந்த முறைக்குள்தான் திருப்பூர் பனியன்களும் கப்பலேறி வந்தன. தடை விலகியதும் சீன டி-ஷர்ட்டும் கால்சட்டையும் ஐரோப்பாவில் வந்து குவிந்தன. போர்ச்சுகல், இத்தாலி ஆலைக்காரர்கள் கட்டுப்பாடு கேட்டுக் குரல் கொடுத்தார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் வணிக ஆணையர் பீட்டர் மேண்டல்சன் கையில் ஓர் ஆயுதம் இருந்தது. 2001-இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோது, 2008 இறுதிவரை செல்லும் ஒரு நிபந்தனைக்குச் சீனா ஒப்புக்கொண்டிருந்தது. சந்தை குலைகிறது என்று இறக்குமதி நாடு ஆலோசனைக்கு அழைத்தால், அந்தச் சரக்கைச் சீனா மட்டுப்படுத்த வேண்டும். அழைப்பு வந்த மாதத்துக்கு முந்தைய 14 மாதங்களில் முதல் 12 மாதங்களில் போன அளவு எதுவோ, அதற்கு மேல் 7.5 சதவீதம், கம்பளித் துணிக்கு 6. அழைப்பைத் தள்ளிப்போடப் போட, கணக்கில் சேரும் சரக்கும் கூடும். அழைப்புக் கடிதம் எந்த மாதம் போகிறது என்பதிலேயே பேரத்தின் பாதி அடங்கியிருந்தது.

2005 ஏப்ரலில், இந்த நிபந்தனையைப் பயன்படுத்துவதற்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் வழிகாட்டு விதிகள் வெளியாயின. ஒன்பது வகைத் துணிகள் மீது விசாரணை தொடங்கியது. மே இறுதியில் டி-ஷர்ட்டுக்கும் ஆளிநூலுக்கும் முறையான அழைப்பு போனது. ஏற்றுமதி வரியைக் கூட்டுவதாக அறிவித்திருந்த சீனா, அதே மாதக் கடைசியில் அதைத் திரும்பப் பெற்றது. எங்களை நெருக்கினால் நாங்களும் விட்டுக்கொடுக்க மாட்டோம் என்பதே அதன் பொருள்.

ஜூன் 10 அன்று ஷாங்காயில், சீன வணிக அமைச்சர் போ ஷிலாயுடன் நாள் முழுக்கப் பேச்சு. இரவில் உடன்பாடு: பத்து வகைகளுக்கு 2007 இறுதிவரை ஆண்டுக்கு 8 முதல் 12.5 சதவீத வளர்ச்சிக்கு மட்டுமே அனுமதி.

சிக்கல் அதன் பிறகுதான் வெடித்தது. குளிர்காலத்து ஸ்வெட்டருக்குக் கடைக்காரர்கள் பல மாதங்களுக்கு முன்பே ஆர்டர் கொடுத்துவிடுவார்கள். உடன்பாடு அமலுக்கு வந்த சில வாரங்களிலேயே ஸ்வெட்டர் கோட்டா நிரம்பியது. மற்ற வகைகளும் தொடர்ந்தன. சுமார் 8 கோடி உருப்படிகள் ஐரோப்பியத் துறைமுகங்களில் தேங்கின. சுவீடன், டென்மார்க், நெதர்லாந்து அரசுகள் தங்கள் வணிகர்களுக்காக மல்லுக்கு நின்றன. செப்டம்பர் 5 அன்று பெய்ஜிங்கில் மறுபடி பேசி, ஏறக்குறையப் பாதிச் சரக்கை ஐரோப்பா தன் பொறுப்பில் உள்ளே விட்டது. மீதியைச் சீனாவின் கோட்டாக் கணக்கில் கழித்தார்கள்.

சுங்கப் புள்ளிவிவரத்தைத் துல்லியமாகப் படித்த அதிகாரிகள், இறக்குமதியாளரின் ஆர்டர் புத்தகத்தையும் அதே அக்கறையோடு புரட்டியிருக்க வேண்டும். பணம் கட்டிச் சரக்குக்குக் காத்திருந்த கடைக்காரர் செய்த தவறு எதுவுமில்லை. இதற்கு மாறாக, அதே ஆண்டு நவம்பர் 8-இல் சீனாவுடன் அமெரிக்கா லண்டனில் கையெழுத்திட்ட துணி உடன்பாடு, 2006 ஜனவரி 1 அன்றுதான் அமலுக்கு வந்தது. வணிகர்களுக்கு ஏழு வார அவகாசம் கிடைத்தது.