குப்பை மேடு, பறவை வீடு ஆனது!

பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நடக்கிறார்கள். யாரும் பேசுவது இல்லை. பேசினால் பறவை பறந்து விடும்!

இடம், சென்னை அடையாறு கழியை ஒட்டிய தொல்காப்பியப் பூங்கா. ஒரு காலத்தில் இங்கே குப்பையும், கட்டிட இடிபாடுகளும் மலை போல் கிடந்தன. அவற்றை அகற்றினார்கள். நீர்நிலைகளைச் சீர்படுத்தினார்கள். மரம் நட்டார்கள். 58 ஏக்கர் பூங்கா, 2011-ம் ஆண்டு திறக்கப்பட்டது.

தண்ணீர் தெளிந்தது. மீன் பெருகியது. மீனைத் தேடிப் பறவையும் வந்தது!

சிறகு உலர்த்தும் பறவை

அதோ, கறுப்பாக ஒரு பறவை! சிறகை விரித்தபடி அசையாமல் நிற்கிறது. அதுதான் நீர்க்காகம். வாத்தின் இறகில் தண்ணீர் ஒட்டாது. நீர்க்காகத்தின் இறகோ நனையும். நனைவதால் ஆழத்தில் மூழ்கி மீன் பிடிக்கிறது. பிறகு வெயிலில் சிறகை உலர்த்துகிறது.

பறவைக்கு நாம் வீடு கட்டித் தர வேண்டாம். நீர்நிலையில் குப்பை கொட்டாமல் இருந்தால் போதும். அது தானாக வரும்.