மதில் தாண்டும் கிண்ணம்

வாழை மரம் நிற்கும் வீட்டில் ஒரு பூ வெட்டினால் அது அந்த வீட்டோடு நிற்பதில்லை. மடல் மடலாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பூவிலிருந்தும் விறைப்பாக நிற்கும் நரம்பான கள்ளனைக் கிள்ளி எடுக்க வேண்டும். கறுக்காமல் இருக்க, நறுக்க நறுக்க மோர்த் தண்ணீரில் போட வேண்டும். தனியாக உட்கார்ந்தால் அலுப்புத் தட்டும் வேலை. பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சோடு பேச்சாக முடிந்துவிடும். பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்த்துப் பொரியல் தயாரானதும் ஒரு கிண்ணம் மதில் சுவரைத் தாண்டும். இரண்டு நாள் கழித்து அதே கிண்ணத்தில் பீர்க்கங்காய்த் தோல் துவையல் திரும்பி வரும்.

"இதை எப்படிச் செஞ்சீங்க?" என்ற கேள்வியும் கூடவே வரும். இந்தக் கொடுக்கல் வாங்கலை அன்பின் கணக்கில் மட்டும்தான் எழுதி வைத்திருக்கிறோம். உடல்நலக் கணக்கிலும் அதற்கு ஒரு பக்கம் உண்டு.

"நாளைக்கு என்ன குழம்பு?"

காய்கறி நல்லது, கீரை நல்லது, சிறுதானியம் நல்லது என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வாரத்தில் நான்கு நாள் அதே சாம்பார், அதே உருளைக்கிழங்கு வறுவல், இரவில் அதே இட்லி தோசை என்றே போகிறது. காரணம் சோம்பேறித்தனம் இல்லை. வேலை முடிந்து வீடு திரும்பி, ஒரு மணி நேரத்துக்குள் நான்கு பேருக்குச் சாப்பாடு வைக்க வேண்டியவருக்குக் கை பழகிய சமையல்தான் துணை. புதிதாக ஒன்று செய்து பார்த்து, அது சரியாக வராமல், பிள்ளைகள் தட்டை ஒதுக்கிவிட்டால் அந்த நேரமும் பணமும் வீண்.

பக்கத்து வீட்டுக் கிண்ணம் இந்தத் தயக்கத்தைப் போக்குகிறது. ருசி முதலிலேயே தெரிந்துவிடுகிறது. பிள்ளை சாப்பிட்டானா இல்லையா என்பதும் தெரிந்துவிடுகிறது. செய்முறையைச் சொல்ல ஆள் எதிரிலேயே நிற்கிறார். மருத்துவமனைச் சுவரில் ஒட்டிய உணவுப் பட்டியல் செய்ய முடியாததை ஒரு கரண்டி கொள்ளுப் பருப்பு செய்துவிடும்.

தட்டில் சோறு எவ்வளவு, காய் எவ்வளவு?

ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு தட்டைக் கணக்கிட்டுத் தந்திருக்கிறது. தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், கீரை உட்பட காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். எல்லாம் சமைப்பதற்கு முன் உள்ள எடை.

இதை ஒரு வீட்டுக்கு வைத்துப் பார்த்தால் குறை எங்கே என்று புரியும். பெரியவர்கள் நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு வேண்டிய காய்கறி ஒன்றரைக் கிலோவுக்கும் மேல். நாம் வாங்குவதோ பொரியலுக்கு அரைக் கிலோ பீன்ஸ், சாம்பாருக்கு இரண்டு முருங்கைக்காய். தட்டில் மிஞ்சும் இடத்தை எல்லாம் சோறு நிரப்பிவிடுகிறது.

மொத்தக் கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அதே வழிகாட்டியின் அறிவுரை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் 2025 முடிவுகள், இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருவதாகக் காட்டின. பெரும்பகுதி வெள்ளை அரிசி, அரைத்த மாவு, சர்க்கரை. அதே ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி; நோயின் வாசலில் நிற்பவர்கள் சுமார் 13 கோடியே 60 லட்சம்.

சோற்றைக் குறைக்கச் சொன்னால் யாரும் குறைக்க மாட்டார்கள். தட்டில் இன்னொரு பொரியல், ஒரு கூட்டு, ஒரு துவையல் வந்து உட்கார்ந்தால் சோறு தானாகக் குறையும். அந்த இன்னொன்று எங்கிருந்து வரும் என்பதற்குப் பகிர்தல் ஒரு பதில். இரண்டு வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு காயைக் கொஞ்சம் கூடுதலாகச் செய்து மாற்றிக்கொண்டால், ஒரு காய் செய்த நேரத்தில் இரண்டு வீட்டிலும் இரண்டு காய். அலுவலகத்தில் மதிய டப்பாக்களை நடுவில் வைத்துச் சாப்பிடும் மேஜையிலும் இதுவே நடக்கிறது.

கடிதத்தில் போன சமையல்

தமிழில் சமையல் குறிப்பு என்றாலே நினைவுக்கு வரும் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-இல் அச்சேறியது. அந்தப் புத்தகத்தின் வேர் உறவுக்காரர்களின் கேள்விகள்தான். செய்முறை கேட்டவர்களுக்கு அவர் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்ததைப் பார்த்து, அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணசுவாமி ஐயர், இதைப் புத்தகமாகவே எழுதலாமே என்று ஊக்குவித்தார். கல்யாணமாகி வேறு ஊருக்கோ வெளிநாட்டுக்கோ போன பெண்களின் பெட்டியில் அது கூடவே போனது. கேட்ட ஒருத்திக்குச் சொன்ன பதில், கேட்காத ஆயிரம் வீடுகளுக்கும் பயன்பட்டது.

இன்று அந்த வேலையைக் கைப்பேசி செய்கிறது. ஆனால் கைப்பேசியில் வருவது பெரும்பாலும் விருந்துச் சமையல். வெண்ணெய் உருகி வழியும், சீஸ் இழையும். செவ்வாய்க்கிழமை இரவுக்கு வேண்டிய புடலங்காய்க் கூட்டைச் சொல்லித் தருபவர் இன்றும் மாமியார், சித்தி, மாடி வீட்டு அக்கா, கூட வேலை பார்க்கும் தோழர்தான்.

கைமாற வேண்டிய நான்கு

ஒவ்வொரு வட்டாரமும் தன் மண்ணில் விளைந்ததை வைத்து ஓர் ஊட்டத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. அவற்றில் நான்கை இங்கே பார்க்கலாம்.

*முருங்கைக்கீரைப் பொரியல்.* இரண்டு கைப்பிடி உருவிய கீரைக்கு அரை டம்ளர் பாசிப்பருப்பை மலர வேகவைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, வற்றல் மிளகாய், பத்து சின்ன வெங்காயம் தாளித்துக் கீரையைப் போட்டு, மூடாமல் வதக்கி, பருப்பைச் சேர்த்துப் பிரட்டி, ஒரு கரண்டி தேங்காய்த் துருவலோடு இறக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் இதன் உறவுக்காரிக்கு முருங்கை இலை வறை என்று பெயர். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019-21-இன்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. வைட்டமின் சி கூடவே சென்றால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். ஆகவே பொரியலோடு எலுமிச்சை ரசம் வைக்கலாம். சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழிய வேண்டும். கொதித்தால் வைட்டமின் சி குறையும், கசப்பும் ஏறும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம்.

*உளுந்தஞ்சோறு.* திருநெல்வேலிப் பக்கத்துச் சாப்பாடு. ஒரு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் தோல் உளுந்தை வாசம் வர வறுத்து, பூண்டு, சீரகம், கொஞ்சம் வெந்தயம், தேங்காய் சேர்த்துக் குக்கரில் குழைய வைக்க வேண்டும். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். வெறும் சோற்றில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தை உளுந்து கொடுக்கிறது. உளுந்தில் குறைவானதை அரிசி கொடுக்கிறது. எள்ளில் சுண்ணாம்புச்சத்து ஏராளம். வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்கு உளுந்து கொடுத்த பாட்டிகளின் பழக்கம் காரணமில்லாதது அல்ல. அதே சோறு பையன்களுக்கும் தாத்தாக்களுக்கும் வேண்டியதுதான்.

*பீர்க்கங்காய்த் தோல் துவையல்.* காயைக் கழுவிய பிறகே தோல் சீவ வேண்டும். தோலை எண்ணெயில் சுருள வதக்கி, வறுத்த உளுத்தம்பருப்பு, இரண்டு மிளகாய், நெல்லிக்காய் அளவு புளி, கொஞ்சம் தேங்காய் வைத்துக் கொரகொரப்பாக அரைத்தால் முடிந்தது. குப்பைக்குப் போக இருந்த நார்ச்சத்து தட்டுக்கு வந்துவிடும். காய் கூட்டுக்கு, தோல் துவையலுக்கு. செலவு ஒன்று, பதார்த்தம் இரண்டு.

*மத்தி மீன் குழம்பு.* சாளை என்றும் சொல்வார்கள். விலை உயர்ந்த மீனில்தான் சத்து என்று நினைப்பவர்களுக்கு மீனவக் குடும்பங்கள் சொல்லித் தரும் பாடம் இது. இதயத்துக்கு நல்லதான ஒமேகா-3 கொழுப்பு நிறைந்த மீன்களில் மத்தியும் ஒன்று. மண்சட்டியில் புளி, மிளகாய்த் தூள், தேங்காய் அரைத்து ஊற்றிக் கொதிக்கும்போது மீனைப் போட்டு, கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்து ஆட்டிவிட்டால் போதும். பொரிப்பதைவிடக் குழம்புக்கு எண்ணெய் குறைவாகவே போதும்.

குறிப்போடு அளவும் போகட்டும்

"உப்பு தேவையான அளவு, எண்ணெய் கொஞ்சம்" என்று சொல்வதே நம் வழக்கம். பகிர்ந்துகொள்ளும் சமையலில் உடம்புக்குக் கேடு நுழையும் இடமும் இதுதான்.

ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தேக்கரண்டி அளவு; ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் எல்லாம் அதற்குள் அடக்கம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம் என்று கணக்கு வருகிறது. ஒரு கிலோ உப்புப் பாக்கெட் மாத முடிவுக்கு முன்பே தீர்ந்தால் யோசிக்க வேண்டும். எண்ணெய்க்கும் அப்படியே. ஒருவருக்கு நாளைக்கு 27 கிராம் என்றால், நான்கு பேருக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர். நெய்யும் இதில் சேரும். குழந்தைகளும் முதியவர்களும் இருந்தால் இன்னும் குறையும்.

ஆகவே செய்முறை சொல்லும்போது இத்தனை தேக்கரண்டி எண்ணெய், இத்தனை பேருக்கு என்று சொல்லிப் பழகுவது நல்லது. "எங்க வீட்ல மூணு கரண்டி ஊத்துவோம், நீங்க ரெண்டு ஊத்துனாலே நல்லாத்தான் வரும்" என்ற ஒரு வாக்கியம் அடுத்த வீட்டு ரத்த அழுத்தக்காரருக்குப் பெரிய உதவி.

கொடுப்பது கெடாமல் போகட்டும்

சமைத்த உணவு அறையின் வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கொடுக்க நினைத்தால் சூடாக இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் குளிர்பெட்டியில் வைத்துக் கொடுத்து, வாங்கியவர் நன்றாகச் சூடாக்கிச் சாப்பிட வேண்டும். சோற்றில் கவனம் கூடுதலாக வேண்டும். பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகும் சூட்டையும் தாங்கும். சோறு வெளியிலேயே கிடந்தால் பெருகி நச்சை உண்டாக்கும், அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. தேங்காய்ச் சட்னியும் சீக்கிரம் கெடும்.

புளி சேர்ந்த பதார்த்தத்தை ஈயம் பூசாத பித்தளையில் வைக்கக் கூடாது. கொதிக்கும் குழம்பைப் பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றவும் கூடாது. பழைய எவர்சில்வர் தூக்குவாளிதான் இதற்கு ஏற்றது.

வேர்க்கடலை, எள், பால், இறால் போன்றவை சிலருக்கு ஒவ்வாமை தரும். கிண்ணத்தைக் கொடுக்கும்போதே உள்ளே என்ன போட்டிருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். வாங்கும் வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் மறக்காமல் சொல்ல வேண்டும்.

மருந்தை நிறுத்தச் சொல்லும் குறிப்பு வேண்டாம்

சமையல் குறிப்போடு சேர்ந்து வைத்தியக் குறிப்பும் பரவுவதுண்டு. பாகற்காய்ச் சாறு குடித்தால் சர்க்கரை மாத்திரை வேண்டாம், கொள்ளு சாப்பிட்டால் கொழுப்பு கரைந்துவிடும் என்பவை அந்த வகை. பாகற்காயும் கொள்ளும் நல்ல உணவுகள்; மாத்திரையின் இடத்தில் வைக்கத் தக்கவை அல்ல.

நல்ல உணவு மருந்தாகிவிடாது என்பது கேழ்வரகுக்கும் பொருந்தும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராமைத் தாண்டாது. எலும்புக்கு அது பெரிய வரம். ஆனால் நைஸாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் ரத்தத்தில் சர்க்கரையை விரைவாகவே ஏற்றும். சர்க்கரை உள்ளவர்கள் கீரையும் வெங்காயமும் போட்ட அடையாக, அளவோடு, பருப்புக் குழம்பு தொட்டுச் சாப்பிடுவது மேல்.

சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குக் கீரையிலும் பருப்பிலும் உள்ள பொட்டாசியம் சிக்கலாகலாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. இவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே உணவை மாற்ற வேண்டும்.

ஒற்றை ஆளின் அடுப்பு

பிள்ளைகள் வெளியூரில், தம்பதியரில் ஒருவர் மறைந்துவிட, தனியாக இருக்கும் முதியவர்கள் இன்று பல தெருக்களில் இருக்கிறார்கள். ஒரு ஆளுக்காக அடுப்புப் பற்றவைக்க மனம் வராமல் ரொட்டியும் பாலும், மோர்ச் சோறும் ஊறுகாயுமாகவே அவர்களுடைய நாட்கள் போகின்றன. பருப்பும் காயும் குறைந்து, உப்பு மட்டும் கூடிவிடுகிறது. புரதம் போதாமல் தசை தளர்ந்து, விழுந்து எலும்பு முறிவது வரை இது கொண்டுபோய் விடலாம். அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகும் இளைஞர்களின் நிலையும் இதற்கு அதிக தூரமில்லை. அவர்களுக்குச் சமைத்த உணவைவிட, பருப்பு வேகவைக்கச் சொல்லித் தரும் ஓர் ஆள்தான் அவசரத் தேவை.

இந்த வாரம் உங்கள் வீட்டில் எல்லோரும் விரும்பிச் சாப்பிட்ட ஒரு காய், ஒரு கீரை, ஒரு குழம்பை அளவோடு தாளில் எழுதுங்கள். எண்ணெயும் உப்பும் எத்தனை தேக்கரண்டி என்று மறக்காமல் குறியுங்கள். ஒரு கிண்ணம் பொரியலோடு அந்தத் தாளையும் பக்கத்து வீட்டில் கொடுங்கள். தெருவில் தனியாக இருக்கும் பெரியவர் இருந்தால் முதல் கிண்ணம் அவருக்குப் போகட்டும்.