மாலத்தீவு ட்ரிப்: 180 டாலர் ரூமுக்கு 268 டாலர் பில் வருவது ஏன்?

இன்ஸ்டாவில் அந்த நீலக் கடலைப் பார்த்ததும், ‘இந்த வருஷம் போயே ஆகணும்’னு தோணும். விசா செலவும் இல்லை. ஆனால், மாலத்தீவில் பட்ஜெட் எகிறுவது பெரும்பாலும் நாம் கவனிக்காமல் விடும் சின்ன விஷயங்களால்தான். புக் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

பில் எப்படி ஏறுகிறது?

கெஸ்ட் ஹவுஸ் ரூம் ஓர் இரவுக்கு 60 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர், மூன்று இரவு என்றால் 180 டாலர். இதில் சர்வீஸ் சார்ஜ் 10% சேர்த்தால் 198. அதன் மேல் சுற்றுலா ஜிஎஸ்டி 17%, கிட்டத்தட்ட 232. கடைசியாக கிரீன் டாக்ஸ்: சிறிய கெஸ்ட் ஹவுஸில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 6 டாலர், ரிசார்ட்டில் 12 டாலர். ஆக மொத்தம் சுமார் 268 டாலர்! அதனால், ‘எல்லா வரியும் சேர்த்து எவ்வளவு?’ என்று கேட்டுவிட்டே புக் செய்யுங்கள்.

ஃப்ளைட் நேரம் ஏன் முக்கியம்?

ரிசார்ட்டுகளுக்குப் போகும் சீப்ளேன்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். சாயங்காலம் போய் இறங்கினால், அன்றிரவு மாலேயிலோ ஹுல்ஹுமாலேயிலோ தங்க வேண்டிவரும். அது தனிச் செலவு.

மாஃபுஷி போன்ற உள்ளூர் தீவுகளுக்கு ஸ்பீட் போட் இருக்கிறது. அரசு ஃபெர்ரி இன்னும் மலிவு. ஆனால் மெதுவாகப் போகும், வெள்ளிக்கிழமை பெரும்பாலும் ஓடாது. அங்கே வார விடுமுறை வெள்ளி, சனி. அங்குள்ள நேரம் நம்மைவிட அரை மணி நேரம் பின்னால் என்பதையும் மறக்காதீங்க.

விசா எடுக்கணுமா?

இந்திய பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா தேவையில்லை. ரிட்டர்ன் டிக்கெட்டும் ஹோட்டல் புக்கிங்கும் கையில் இருக்கட்டும். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ‘இமுகா’ என்ற அரசு தளத்தில் பயண விவரத்தைப் பதிய வேண்டும், திரும்பும்போதும் அப்படியே. இது முற்றிலும் இலவசம். பணம் கேட்டால், நீங்கள் இருப்பது அரசு தளம் இல்லை!

பையில் எதெல்லாம் கூடாது?

மது, பன்றி இறைச்சி, வேப் மூன்றுக்கும் தடை. டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய பாட்டிலுக்கும் இதே கதைதான். வழிபாட்டுச் சிலைகளையும் கொண்டுபோகக் கூடாது. வழக்கமாகப் பையில் குட்டி பிள்ளையார் வைத்திருப்பவர்கள், இந்த முறை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது. திரும்பும்போது பவளப்பாறைத் துண்டு எடுத்து வருவதும் குற்றம்.

ரிசார்ட்டா, உள்ளூர் தீவா?

உள்ளூர் தீவுகளில் மக்கள் வசிக்கிறார்கள். அது இஸ்லாமிய நாடு. அங்கே மது கிடைக்காது. நீச்சலுடை அணிய ‘பிகினி பீச்’ என்று தனியாக ஒதுக்கிய கடற்கரை உண்டு. தெருவில் தோள், முழங்காலை மறைக்கும் உடைதான் மரியாதை. ரிசார்ட் தீவுகளில் இந்தக் கட்டுப்பாடுகள் இல்லை. ஆனால் விலை பல மடங்கு. இரண்டு நாள் உள்ளூர் தீவில் தங்கிவிட்டு, ஒருநாள் மட்டும் டே பாஸ் எடுத்து ரிசார்ட்டைப் பார்த்துவிட்டு வருபவர்களும் உண்டு.

எப்போ போகலாம்?

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு, விலை அதிகம். மே முதல் அக்டோபர் வரை ரூம் விலை இறங்கும். ஆனால் மழையும் கடல் கொந்தளிப்பும் இருக்கும். படகுப் பயணம் ஒத்துக்காதவங்க இந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.