பாட்டு உங்களுடையது, மென்பொருள் யாருடையது?

2016-ல் அமெரிக்காவின் கேக்வாக் நிறுவனம் ஒரு சலுகை அறிவித்தது. அதன் சோனார் பிளாட்டினம் ஒலிப்பதிவு மென்பொருளைக் குறிப்பிட்ட தேதிக்குள் வாங்கினால், புதிய பதிப்புகள் வாழ்நாள் முழுக்க இலவசம். வீட்டில் ஸ்டூடியோ வைத்திருந்த பலர் நம்பிப் பணம் கட்டினார்கள். 2017 நவம்பரில், கேக்வாக்கை வைத்திருந்த கிப்சன் (ஆமாம், கிட்டார் செய்கிற அதே கிப்சன்தான்) இனி இதை வளர்க்கப் போவதில்லை என்று கையை விரித்தது. வாழ்நாள் என்றால் யாருடைய வாழ்நாள் என்று விளம்பரத்தைப் பார்த்தபோது யாரும் கேட்டிருக்கவில்லை.

அவர்கள் அதிர்ஷ்டசாலிகள் என்றே சொல்ல வேண்டும். 2018 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேண்ட்லேப் அந்த மென்பொருளை வாங்கி, சில வாரங்களில் இலவசமாகவே வெளியிட்டது. 2002-ல் ஜெர்மனியின் இமேஜிக் நிறுவனத்தை ஆப்பிள் வாங்கியபோது அப்படி நடக்கவில்லை. இமேஜிக்கின் லாஜிக் மென்பொருளுக்கு விண்டோஸ் பதிப்பு அத்தோடு நின்றது. விண்டோஸில் வேலை செய்தவர்கள் ஒன்று மேக் வாங்க வேண்டும், இல்லையென்றால் வேறு மென்பொருளைப் புதிதாகப் பழக வேண்டும்.

வீட்டு ஸ்டூடியோ தொடங்குபவர்கள் முதலில் கேட்பது, 'எதில் சவுண்டு நல்லா இருக்கும்?' என்றுதான். இது தேவையில்லாத கவலை. ஒரே மைக், ஒரே ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக வரும் ஒலியை எந்த மென்பொருளும் ஒரே எண்களாகத்தான் வட்டில் எழுதுகிறது. குரல் நன்றாக வராததற்குக் காரணம் பெரும்பாலும் அறையின் எதிரொலியும் மைக் வைத்த இடமும்தான். மென்பொருளுக்கு மென்பொருள் மாறுவது வேலை செய்யும் முறை, கூடவே தரும் கருவிகள், பிறகு உரிம நிபந்தனைகள். யாரும் படிக்காமல் 'சம்மதம்' என்று அழுத்துவது இந்தக் கடைசி விஷயத்தைத்தான்.

பணம் கட்டிப் பெறுவது மென்பொருளை அல்ல, அதைப் பயன்படுத்தும் அனுமதியை. ஒருமுறை கட்டினால் காலவரையறை இல்லாத அனுமதி ஒரு வகை. மாதமோ ஆண்டோ சந்தா கட்டும்வரை அனுமதி என்பது இன்னொரு வகை. இரண்டாவது வகையில், சந்தா நின்றால் பழைய பாட்டுகள் திறக்குமா, திறந்தாலும் திருத்த முடியுமா என்பதைச் சேருவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். 2023 மார்ச்சில் பிளக்-இன் நிறுவனமான வேவ்ஸ், நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திவிட்டுச் சந்தாவுக்கு மட்டுமே மாறுவதாக அறிவித்தது. உலகம் முழுக்க ஒலிப்பதிவாளர்கள் கொதித்தெழ, சில நாட்களிலேயே நிரந்தர உரிமம் திரும்பி வந்தது. வாடிக்கையாளர் கூச்சல் போட்டு ஜெயித்த அபூர்வச் சம்பவம் அது; எல்லா நேரமும் நடக்காது.

நிரந்தர உரிமமும் சாசுவதம் இல்லை. 2019-ல் மேக்கின் கேட்டலினா பதிப்பு வந்தபோது 32-பிட் மென்பொருள்கள் எல்லாம் ஒரேயடியாக முடங்கின. கியூபேஸ் தயாரிக்கும் ஸ்டைன்பெர்க், பல ஆண்டுகளாக யூஎஸ்பி டாங்கிள் மூலம் சரிபார்த்த பழைய உரிம முறையை 2025-ல் மூடியது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பழைய கணினியில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டூடியோவை வைத்திருப்பவர், புதுக் கணினி வாங்கும் முன் தன் ஒவ்வொரு பிளக்-இன்னும் அதில் ஓடுமா என்று பட்டியல் போட்டுப் பார்ப்பது நல்லது.

இனி எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம். கணினி அசெம்பிள் செய்து தரும் கடையில், 'ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் எல்லாம் ஏத்திக் குடுத்துடறேன் சார், தனியா காசு வேணாம்' என்பார்கள். அங்கே ஏற்றப்படுவது கிராக் செய்த பிரதி. நிறுவும்போது வரும் முதல் குறிப்பே, 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இயக்கவும்' என்றிருக்கும். பூட்டைக் கழற்றி வைத்தால்தான் உள்ளே வருவேன் என்று சொல்லும் விருந்தாளியை வேறு எந்தச் சமயத்திலும் நாம் வீட்டுக்குள் விடமாட்டோம்.

2019 ஜூனில் ஸ்லோவாக்கியாவின் ஈசெட் பாதுகாப்பு நிறுவனம் லவுட்மைனர் என்ற நச்சுநிரலைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. ஏபிள்டன் லைவ், ரீசன், கான்டாக்ட் உள்ளிட்ட 137 இசை மென்பொருள்களின் கிராக் பிரதிகளோடு அது பரப்பப்பட்டிருந்தது. விண்டோஸ், மேக் இரண்டும் தப்பவில்லை. நிறுவியதும், கணினிக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத இன்னொரு குட்டி லினக்ஸ் கணினியை ஓடவிட்டு, அதில் கிரிப்டோ நாணயம் தோண்டும். ஏன் இசைக்காரர்களைக் குறிவைத்தார்கள்? அவர்களிடம் வேகமான பிராசசர் இருக்கும். மிக்ஸிங் நடக்கும்போது அது திணறுவதும் ஃபேன் இரைவதும் வழக்கம். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மறு ஆண்டு ஈவில்குவெஸ்ட் என்ற இன்னொன்று, ஏபிள்டன் லைவ் போன்றவற்றின் கள்ளப் பிரதி வழியாக மேக் கணினிகளில் புகுந்து கோப்புகளைப் பூட்டிவிட்டு 50 டாலர் கேட்டது. பணம் கட்டியவர் யார் என்று கண்டறியும் ஏற்பாடுகூட அதில் இல்லை. ஆக, கட்டினாலும் கோப்பு திரும்பாது.

சட்டமும் இதில் கறாரானது. இந்தியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 63பி பிரிவு, கள்ளப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்துவதற்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. வருமானத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தவில்லை என்று நிரூபித்தால், நீதிமன்றம் சிறையை விட்டுவிட்டு 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு நிறுத்தலாம். காசு வாங்கிக்கொண்டு குறும்படத்துக்குப் பின்னணி இசை செய்து கொடுப்பவர் இந்தச் சலுகையைக் கேட்க முடியாது. அதே சட்டத்தின் 52-வது பிரிவு, முறையாக வாங்கியவர் பாதுகாப்புக்காக ஒரு நகல் எடுத்து வைக்கும் உரிமையையும் தருகிறது. இதைப் பலர் அறிவதில்லை.

கிராக் பக்கம் போக வேண்டிய கட்டாயமும் இப்போது இல்லை. மேக் வாங்கினால் கராஜ்பேண்ட் கூடவே வருகிறது. ஒரு பாடலை முழுதாக முடிக்க அது தாராளமாகப் போதும். ரீப்பர் என்ற மென்பொருள் 60 நாள் எந்தக் குறையும் இல்லாமல் முழுதாக ஓடும். அதன் பிறகு சொந்தப் பயன்பாட்டுக்கு 60 டாலர், ஆண்டு வருமானம் 20,000 டாலரைத் தாண்டும் வணிகப் பயன்பாட்டுக்கு 225 டாலர். ஆர்டர் (Ardour) என்பது திறமூல மென்பொருள். எஃப்எல் ஸ்டூடியோவை ஒருமுறை வாங்கினால் பின்வரும் பதிப்புகள் இலவசம். ஆனால் அதன் டெமோவில் ஒரு பொறி உண்டு. பாட்டைச் சேமிக்கலாம், பணம் கட்டும்வரை அதைத் திரும்பத் திறக்க முடியாது. ஆடியோ இன்டர்ஃபேஸோடு இலவசமாக வரும் லைட் பதிப்புகளில் டிராக் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும். மாணவர் உரிமத்தைச் சம்பாதிக்கும் வேலைக்குப் பயன்படுத்தலாமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

டெமோவை வைத்துச் செய்ய வேண்டிய சோதனை எளிது. மிருதங்கக்காரர் ஹெட்போன் மாட்டி வாசிக்கும்போது, தன் அடி தாமதமாகத் திரும்பிக் கேட்டால் காலப்பிரமாணம் தள்ளாடிவிடும். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபரை (கணினி ஒரே நேரத்தில் சேர்த்துவைத்துக் கையாளும் ஒலியின் அளவு) 1024 சாம்பிளில் வைத்தால் அதனால் மட்டும் 21 மில்லிசெகண்ட் தாமதம். 128-க்கு இறக்கினால் 3-க்கும் குறைவு. அந்த 128-ல், பத்துப் பன்னிரண்டு டிராக்கோடு, தன் கணினியில் ஒலி வெடிக்காமல் ஓடுகிறதா என்று சொந்தக் காதால் கேட்டுவிட்டுப் பணம் கட்டலாம். கடைக்காரர் கணினியில் ஓடியது சாட்சியாகாது.

மென்பொருளோடு வரும் லூப்களுக்குத் தனி எச்சரிக்கை தேவை. சொந்தப் பாட்டில் பயன்படுத்தப் பெரும்பாலும் அனுமதி இருக்கும், தனியாக விற்க இருக்காது. அதே லூப்பை வைத்து முன்பே ஒருவர் பாட்டைப் பதிவு செய்திருந்தால், யூடியூபின் கன்டென்ட் ஐடி உங்கள் பாட்டின் மீது உரிமை கோரலாம். அப்போது மறுப்புத் தெரிவிக்க, உரிம விதியின் நகலும் வாங்கிய ரசீதும் கையில் இருக்க வேண்டும்.

எந்த மென்பொருளில் செய்தாலும், முடித்த ஒவ்வொரு பாட்டின் டிராக்குகளையும் தொடக்கப் புள்ளியிலிருந்து தனித்தனி வேவ் கோப்புகளாகவும், சுரக்குறிப்புகளை மிடி கோப்பாகவும் எடுத்து வைப்பதுதான் பெரிய பாதுகாப்பு. 24-பிட், 48 கிலோஹெர்ட்ஸ் மோனோ டிராக் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 எம்பி பிடிக்கும். 30 டிராக் உள்ள நான்கு நிமிடப் பாட்டுக்கு ஒரு ஜிபி. ஹார்டு டிஸ்க் விலைக்கு இது ஒன்றுமே இல்லை. 2023-ல் பிட்விக், பிரிசோனஸ் நிறுவனங்கள் கொண்டுவந்த டாப்ராஜெக்ட் என்ற பொதுக் கோப்பு வடிவம், ஒரு மென்பொருளில் செய்த வேலையை இன்னொன்றுக்கு மாற்ற உதவுகிறது. வாங்க நினைக்கும் மென்பொருள் அதை ஏற்கிறதா என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

சந்தா எடுத்தவர்களுக்கு ரிசர்வ் வங்கி விதி ஒரு கேடயம். அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வங்கி தகவல் அனுப்ப வேண்டும். அந்த ஏற்பாட்டை வேண்டாம் என்று நிறுத்தும் வழியும் தர வேண்டும். சேருவது ஒரே சொடுக்கு, விலகுவது பத்துப் பக்கம் என்று இழுத்தடிப்பதை, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் 'சந்தாப் பொறி' என்று பெயரிட்டே தடை செய்கின்றன.

புகார் என்று வந்தால் வீட்டு ஸ்டூடியோக்காரருக்கு வரும் முதல் ஐயம், 'நான் தொழில் செய்கிறேனே, நுகர்வோர் ஆவேனா?' என்பது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கம் என்று கணக்கிடுவதில்லை. கடைகளில் விற்கும் மென்பொருள் 'பொருள்'தான் என்று 2004-ல் டிசிஎஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது விற்பனை வரி வழக்கு என்றாலும் வாதத்துக்குக் கைகொடுக்கும். சந்தா சேவையில் எதிர்த்தரப்பு இதை மறுக்க இடம் உண்டு.

முதலில் இணையக் கடையின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். 48 மணி நேரத்தில் ஒப்புகையும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர அவர் கடமைப்பட்டவர். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். மலிவு உரிமம் தருவதாகப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு போனவன் என்றால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண். வெளிநாட்டு நிறுவனத்தை இங்கிருந்து இழுத்து வருவது பெரும்பாடு. விலை கொஞ்சம் கூடினாலும் இந்திய விற்பனையாளரிடம் ஜிஎஸ்டி ரசீதோடு வாங்குவது இதனால்தான் புத்திசாலித்தனம். பிடித்துக் கேட்க ஓர் ஆள் இருப்பார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், நிறுவனத்தோடு நடந்த மின்னஞ்சல் மூன்றும் மனுவோடு போக வேண்டியவை.