பாண்டுப் தகரக் கூரை வீடுகள்: குளிர்சாதனமின்றிக் கோடை வெப்பத்தைக் குறைப்பது எப்படி?

மும்பை: மும்பையின் கிழக்குப் புறநகரான பாண்டுப்பில் மலைச்சரிவை ஒட்டி அடுக்கடுக்காக அமைந்துள்ள தகரக் கூரை வீடுகளில், மார்ச் மாதம் முதல் பருவமழை தொடங்கும் ஜூன் மாதம் வரை பகல் பொழுதைக் கழிப்பது கடினமாகிறது. குளிர்சாதனக் கருவி வாங்கும் வசதியோ, அதைப் பொருத்தும் இடமோ இல்லாத குடும்பங்கள், மின்விசிறியை மட்டும் நம்பியே கோடையைக் கடக்கின்றன. எனினும், கூரையில் செய்யும் சில எளிய மாற்றங்களால் இவ்வீடுகளின் வெப்பத்தைக் கணிசமாகக் குறைக்க முடியும்.

தமிழர்கள் குறிப்பிடத்தக்க எண்ணிக்கையில் வாழும் மும்பைப் புறநகர்களில் பாண்டுப்பும் ஒன்று. ரயில் நிலையத்துக்கு மேற்கே உள்ள பகுதி, சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் மலைத்தொடர் வரை நீள்கிறது. அரபிக் கடலுக்கும் பாண்டுப்புக்கும் இடையே இந்த மலைத்தொடர் அமைந்துள்ளது. மும்பையின் வெப்பத்தைத் தணிப்பது மேற்கிலிருந்து வீசும் கடற்காற்றுதான். அது தொடங்கத் தாமதமாகும் நாட்களில் நகரின் வெப்பநிலை சட்டென உயர்வது வழக்கம்.

கடலோரப் பகுதிகளில் வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸை எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரி அல்லது அதற்கு மேல் அதிகமாக இருந்தால் அதை வெப்ப அலை என இந்திய வானிலை ஆய்வுத் துறை வரையறுக்கிறது. சமவெளிப் பகுதிகளுக்கு இந்த வரம்பு 40 டிகிரி. கடலோரத்துக்குக் குறைந்த வரம்பு வைக்கப்பட்டிருப்பதைப் புரிந்துகொள்ள ஈரப்பதத்தைக் கவனிக்க வேண்டும்.

ஈரப்பதத்தின் பங்கு

வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. வீட்டைக் குளிர்விக்கும் முறைகளுக்கும் இதே விதி பொருந்தும்.

அகமதாபாத்தில் 42 டிகிரி வெப்பமும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு நாளில், நீரை ஆவியாக்குவதன் மூலம் காற்றை ஏறத்தாழ 24 டிகிரி வரை குளிர்விக்க இயலும். மும்பையில் 34 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில், அதே முறையில் சுமார் 29 டிகிரிக்குக் கீழே செல்ல வழியில்லை. இது கோட்பாட்டளவிலான எல்லை மட்டுமே. நடைமுறையில் கிடைக்கும் குளிர்ச்சி இதைவிடக் குறைவு.

ஆகவே, வட இந்தியாவில் பயன்தரும் ஏர் கூலர், ஈரத் திரை, தரையில் நீர் தெளித்தல் போன்றவை மும்பையில் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. ஜன்னல் இல்லாத சிறிய அறையில் அவை ஈரப்பதத்தை மேலும் கூட்டிப் புழுக்கத்தை அதிகரிக்கவே செய்யும்.

வெப்பநிலை மிக அதிகமாக இல்லாதபோதும் ஈர வெப்பம் உயிருக்கு ஆபத்தாகலாம். 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 16 அன்று நவி மும்பையின் கார்கரில் திறந்தவெளியில் நடைபெற்ற மகாராஷ்டிர பூஷண் விருது வழங்கும் விழாவில் பங்கேற்றவர்களில் 14 பேர் வெப்பத் தாக்கத்தால் உயிரிழந்தனர். அன்று அருகிலுள்ள வானிலை நிலையத்தில் பதிவான வெப்பநிலை சுமார் 38 டிகிரி மட்டுமே.

வெப்பம் நுழையும் வழி

மும்பையில் மே மாத நடுவில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கிறது. அந்நேரத்தில் சுவர்களைவிடக் கூரையின் மீதே வெயில் முழுமையாக விழுகிறது. நெருக்கமாகக் கட்டப்பட்ட வீடுகளில் சுவர்களைப் பக்கத்து வீடுகள் மறைத்துவிடுவதால், கூரையே வெப்பத்தின் முதன்மையான நுழைவாயிலாகிறது.

தெளிவான வானிலையில் நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட் ஆற்றலைத் தருகிறது. அதன்படி 100 சதுர அடி கூரையின் மீது ஏறத்தாழ 9 கிலோவாட் ஆற்றல் விழுகிறது. இதில் ஒரு பகுதியே வீட்டுக்குள் இறங்குகிறது என்றாலும், 1.5 டன் குளிர்சாதனக் கருவி ஒன்று அகற்றக்கூடிய வெப்பம் சுமார் 5 கிலோவாட்தான் என்பதை இத்துடன் ஒப்பிடலாம்.

புதிய தகரம் பளபளப்பாக இருப்பதால் வெயிலை ஓரளவு திருப்பி அனுப்பும். ஆனால், உள்வாங்கிய வெப்பத்தை வானத்தை நோக்கி வெளியேற்றும் திறன் பூச்சில்லாத உலோகத்துக்கு மிகக் குறைவு. துருவும் அழுக்கும் படிந்த பிறகு அது வெயிலை மேலும் அதிகமாக உறிஞ்சுகிறது. இவ்வாறு சூடேறும் கூரை, கீழே இருப்பவர்களின் மீது வெப்பத்தைக் கதிர்வீச்சாகச் செலுத்துகிறது. கூரைக்குச் சற்றுக் கீழே அமைக்கப்படும் 'போட்மாளா' எனும் பரண் தளம் வீட்டிலேயே அதிக வெப்பம் மிகுந்த இடமாக இருப்பதற்கு இதுவே காரணம். பல வீடுகளில் பிள்ளைகள் படிப்பதும் உறங்குவதும் இந்தத் தளத்தில்தான்.

வெள்ளைப் பூச்சு

புதிய வெள்ளைப் பூச்சு, தன்மீது விழும் சூரிய ஆற்றலில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பக்கூடியது. உள்வாங்கும் சிறிதளவு வெப்பத்தையும் அது எளிதில் வெளியேற்றிவிடுகிறது. 'குளிர் கூரை' என அழைக்கப்படும் இம்முறையால் வீட்டினுள் வெப்பநிலை பொதுவாக 2 முதல் 5 டிகிரி வரை குறைகிறது. கூரையின் வகை, வீட்டின் உயரம், காற்றோட்டம் ஆகியவற்றைப் பொறுத்து இந்த அளவு மாறுபடும்.

சிமெண்ட் தளத்துக்குச் சுண்ணாம்புக் கலவை போதுமானது. உலோகத் தகட்டில் சுண்ணாம்பு பற்றி நிற்பதில்லை. ஆகவே, துருவைத் தேய்த்து அகற்றி, பிரைமர் பூசி, அது உலர்ந்த பின் வெயிலைப் பிரதிபலிக்கும் அக்ரிலிக் வெள்ளைப் பூச்சை இரண்டு முறை பூச வேண்டும்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரையாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. அதை உலர்ந்த நிலையில் சுரண்டினாலோ அறுத்தாலோ நுரையீரலைப் பாதிக்கும் நுண்ணிழைகள் காற்றில் கலக்கும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு மனித எடையைத் தாங்காமல் உடையக்கூடும் என்பதால் அதன் மீது நேரடியாக ஏறக் கூடாது. கீழிருக்கும் சட்டங்களின் குறுக்கே பலகையிட்டு, அதன் மேல் நின்றே பணி செய்ய வேண்டும்.

பூசுவதற்கு ஏற்ற காலம் பிப்ரவரி, மார்ச் மாதங்களாகும். மும்பையில் பருவமழை தொடங்கும் இயல்பான தேதி ஜூன் 11. அதற்கு முன்பாகவே கூரைகளின் மீது தார்ப்பாய் விரிப்பது வழக்கம். நீல நிறத் தார்ப்பாய் விரிக்கப்பட்டதும் வெள்ளைப் பூச்சின் பயன் நின்றுவிடுகிறது. எனவே, மழை வரும் வரை அதை விரிக்காமல் சுருட்டி வைப்பது நல்லது. பருவமழைக் காலத்தில் 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெறும் நகரில், பாசியும் தூசும் படிந்து பூச்சு மங்கும். ஆண்டுதோறும் கூரையைக் கழுவுவதும், தேவைப்பட்டால் மீண்டும் பூசுவதும் அவசியம்.

கூரையின் மேலும் கீழும்

பூச்சுக்கு மாற்றாகக் கூரைக்கு மேல் சற்று இடைவெளி விட்டுப் பச்சை நிழல்வலை கட்டலாம். வலையும் தகரமும் ஒட்டியிராமல் இடையே காற்று செல்ல வேண்டும். குடிசைப் பகுதிகளில் வீட்டின் உயரத்துக்கு மும்பை மாநகராட்சி 14 அடி வரம்பு விதித்துள்ளதால், நிரந்தரமான இரண்டாவது கூரை அமைப்பது பலருக்கு இயலாது. கோடை முடிந்ததும் கழற்றக்கூடிய வலைக்கு இந்தச் சிக்கல் இல்லை.

கூரைக்குக் கீழே நான்கு முதல் ஆறு அங்குல இடைவெளி விட்டு மூங்கில் பாய் அல்லது ஒட்டுப்பலகையால் உட்கூரை அமைத்தால் தகரத்தின் கதிர்வீச்சு நேரடியாக உடலில் படாது. அந்த இடைவெளியின் இரு முனைகளிலும் திறப்பு இருந்தால் சூடான காற்று வெளியேறும். விலை குறைவு என்பதால் பலர் தெர்மாகோல் தகடுகளைப் பொருத்துகின்றனர். எரிவாயு அடுப்புள்ள ஒற்றை அறையில் இது ஆபத்தானது. தெர்மாகோல் எளிதில் தீப்பற்றி, நச்சுப் புகையை வெளியிடும்.

கூரையின் மீது நீர் தெளிப்பது மும்பையிலும் பயன்தரும். கொதிக்கும் தகட்டிலிருந்து நீர் விரைவாக ஆவியாவதுடன், அந்த ஈரம் வீட்டுக்கு வெளியிலேயே தங்கிவிடுகிறது. ஆனால் அதற்கான நீர் கிடைப்பதில்லை. மும்பையின் குடிநீரில் பெரும்பகுதி பாண்டுப்பிலுள்ள சுத்திகரிப்பு வளாகத்திலிருந்தே செல்கிறது என்றாலும், மற்ற பகுதிகளைப் போலவே இங்கும் வீடுகளுக்குக் குறிப்பிட்ட நேரத்தில் மட்டுமே நீர் வழங்கப்படுகிறது. ஏரிகளில் நீர் இருப்புக் குறைந்ததால் 2024-ஆம் ஆண்டு ஜூன் 5 முதல் மாநகராட்சி 10 சதவீத நீர்வெட்டை அமல்படுத்தியது. கோடையின் உச்சத்தில் கூரைக்கு ஊற்றும் அளவுக்கு நீர் மிஞ்சும் என எதிர்பார்க்க முடியாது.

காற்றோட்டமும் மின்விசிறியும்

வாசல் ஒன்றே திறப்பாக உள்ள வீட்டில் காற்று உள்ளே வந்து வெளியேற வழியில்லை. வாசலுக்கு எதிர்ச் சுவரின் மேற்பகுதியில் சிறிய திறப்பு ஒன்றை ஏற்படுத்தினாலே, மேலே தேங்கும் வெப்பக் காற்று வெளியேறத் தொடங்கும். அங்கு வெளியேற்று விசிறி பொருத்தினால் பலன் கூடும்.

சூடான தகரத்தின் கீழ் சுழலும் கூரை விசிறி, மேலே தேங்கியுள்ள வெப்பக் காற்றையே கீழே தள்ளுகிறது. ஆகவே நண்பகலில், வாசலருகே வைக்கப்படும் மேசை விசிறி அதைவிட ஆறுதல் தரும். காற்றின் வெப்பநிலை 40 டிகிரிக்கு மேல் சென்றால் மின்விசிறி உடலை மேலும் சூடாக்கும் என உலக சுகாதார அமைப்பு எச்சரிக்கிறது. வெளியே 36 டிகிரி இருக்கும்போதும் தகரக் கூரையின் கீழ் இந்த அளவை எட்டக்கூடும் என்பதால், கூரையைச் சரிசெய்யாமல் விசிறியை மட்டும் நம்புவது பாதுகாப்பானதல்ல.

மின்கட்டணமும் கருத்தில் கொள்ள வேண்டியது. பழைய விசிறி சுமார் 75 வாட் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். பி.எல்.டி.சி. மோட்டார் கொண்ட விசிறிக்கு 30 வாட் அளவே போதும். நாளொன்றுக்கு 16 மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு முறையே 36 யூனிட், சுமார் 14 யூனிட் செலவாகும். பாண்டுப்புக்கு மின்சாரம் வழங்கும் மகாவிதரண் நிறுவனத்தின் வீட்டு உபயோகக் கட்டணம், மாதம் 100 யூனிட்டைத் தாண்டினால் அடுத்த உயர் விகிதத்துக்கு மாறுகிறது. சிறிய குடும்பங்களுக்கு இந்த 22 யூனிட் சேமிப்பு முக்கியமானது.

வீட்டினுள்ளேயே உருவாகும் வெப்பத்தையும் தவிர்க்கலாம். ஒற்றை அறை வீட்டில் சமையல், வெப்பத்துடன் நீராவியையும் சேர்க்கிறது. இட்லி வேகவைப்பது, அரிசி, பருப்பு வடிப்பது போன்றவற்றைக் காலை 8 மணிக்குள் முடித்துவிடுவதும், பருப்பை முன்கூட்டியே ஊறவைத்து குக்கரில் வேகவைப்பதும் நண்பகல் புழுக்கத்தைக் குறைக்கும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகள்

குடிசை மறுவாழ்வுத் திட்டத்தின் கீழ் கட்டப்பட்ட அடுக்குமாடிகளில் வெப்பத்தின் தன்மை வேறு. தகரம் விரைவில் சூடாகி, மாலையில் விரைவில் ஆறிவிடும். கான்கிரீட் பகலில் வெப்பத்தைச் சேமித்து இரவில் வெளியிடும். எனவே, மேல்தள வீடுகளில் இரவு 10 மணிக்குப் பிறகும் சுவரும் தளமும் தகிக்கின்றன. இங்கு மொட்டை மாடி முழுவதற்கும் வெள்ளைப் பூச்சு பூசுவது, பகலில் வெயில்படும் ஜன்னலுக்கு வெளிப்புறமாக மறைப்பு கட்டுவது, இரவில் ஜன்னல்களைத் திறந்து வைப்பது ஆகியவை பயன்தரும். திரையை உட்புறத்தில் கட்டினால் வெப்பம் கண்ணாடியைக் கடந்து வந்த பிறகே தடுக்கப்படும்.

வீட்டு வெப்பநிலையைப் பகலில் 32 டிகிரிக்கும், இரவில் 24 டிகிரிக்கும் கீழே வைத்திருக்க உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. மே மாதத்தில் மும்பையின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலையே சுமார் 27 டிகிரி என்பதால், குளிர்சாதனமின்றி இரவு இலக்கை எட்ட இயலாது. வெளியில் உள்ளதைவிட வீட்டினுள் அதிக வெப்பம் சேராமல் தடுப்பதே இம்முறைகளின் பயன். முதியோர், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், வீட்டிலிருந்தே கூலி வேலை செய்யும் பெண்கள் ஆகியோருக்கு அந்தச் சில டிகிரி வேறுபாடும் முக்கியமானது. மனக்குழப்பம், பேச்சுத் தடுமாற்றம், மயக்கம், கொதிக்கும் உடல் ஆகியவை வெப்பத் தாக்கத்தின் அறிகுறிகள். அந்நிலையில் 108 ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும் வரை உடலை ஈரத் துணியால் துடைத்து விசிற வேண்டும். மயங்கியவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்கக் கூடாது.

செலவை ஏற்பது யார்?

அகமதாபாத் மாநகராட்சி 2013-ஆம் ஆண்டில் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது. 2017-இல் குடிசைப் பகுதிகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசும் பணியையும் தொடங்கியது. தெலங்கானா அரசு 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில் குளிர் கூரைக் கொள்கையை வெளியிட்டு, 300 சதுர கிலோமீட்டர் கூரைப்பரப்பை இலக்காக அறிவித்தது. எனினும், அக்கொள்கையின்படி 600 சதுர கெஜத்துக்குக் குறைவான மனைகளில் உள்ள வீடுகளுக்கு இது கட்டாயமல்ல. மும்பை மாநகராட்சி 2022-ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியிட்ட பருவநிலைச் செயல்திட்டமும் நகர வெப்பத்தை முக்கிய அபாயங்களில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது.

பாண்டுப் போன்ற பகுதிகளில் வாடகைதாரர்களின் நிலை தனிக் கவனத்துக்குரியது. மும்பையில் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 11 மாத காலத்துக்கே எழுதப்படுகின்றன. பிப்ரவரியில் தம் பணத்தில் கூரைக்குப் பூச்சு பூசும் குடும்பம், அடுத்த கோடையில் அதே வீட்டில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. வெப்பத்தை அனுபவிக்காத உரிமையாளருக்கோ அதைச் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. ஒப்பந்தம் எழுதும்போதே கூரைப் பூச்சின் செலவை யார் ஏற்பது என்பதை எழுத்தில் குறிப்பிடுவதும், பூச்சுக்கான தொகையை வாடகையில் கழித்துக்கொள்ள ஒப்புதல் பெறுவதும் இப்போதைக்கு வாடகைதாரர்களுக்குள்ள நடைமுறை வழிகளாகும்.